ராசிக்கேற்ற ஊருக்குத்தான் பயணம் போக வேண்டுமா?

ஆனிமகள் கேட்கிறார்:

நண்பர்கள் அனைவருக்கும் வணக்கம். திருமணமாகிப் பல ஆண்டுகளுக்குப் பிறகு எனக்கும் என் கணவருக்கும் ஒரே நேரத்தில் 15 நாள் விடுப்பு அமைந்திருக்கிறது. ஜூன் கடைசியிலோ ஜூலைத் தொடக்கத்திலோ தொலைதூர நாடு ஒன்றுக்குச் சென்றுவர எண்ணியிருக்கிறோம். எங்கே போவது என்று இருவரும் பேசிப் பேசி முடிவுக்கு வர இயலாத நிலையில், அவரவர் ராசிக்கேற்ற சுற்றுலா இடங்கள் என்று வெளிவரும் பட்டியல்களைப் படிக்கத் தொடங்கினேன். தெளிவு பிறக்கும் என்று நம்பித்தான் படித்தேன். இருந்த குழப்பம் மூன்று மடங்காயிற்று.

நான் ஜூலை 5 அன்று பிறந்தவள். மேலைநாட்டுப் பட்டியல்களின்படி நான் கடகம். ஆகவே ஏரிக்கரையிலோ கடற்கரையிலோ அமைதியாகத் தங்க வேண்டுமாம். என் ஜாதகத்தைத் திறந்தால் ராசி விருச்சிகம், நட்சத்திரம் கேட்டை என்று இருக்கிறது. அந்த ராசிக்கோ குகைகளும் புதையுண்ட நகரங்களும் பொருந்தும் என்கிறார்கள். போதாக்குறைக்கு, ஆனி மாதத்தில் பிறந்ததால் எனக்குச் சூரியன் மிதுனத்தில் இருக்கிறது என்று உறவினர் ஒருவர் எடுத்துக்காட்டினார். மிதுனத்துக்கு இரவெல்லாம் உறங்காத பெருநகரங்களைப் பரிந்துரைத்திருக்கிறார்கள்.

என் கணவர் நவம்பர் 30 பிறந்தவர். மேலைநாட்டுக் கணக்கில் தனுசு, ஜாதகத்தில் ரிஷப ராசி, ரோகிணி நட்சத்திரம். தனுசுவுக்கு நெடும்பயணம், ரிஷபத்துக்கு ஒரே இடத்தில் சுகமாகத் தங்குதல் என்று பட்டியல்கள் கூறுகின்றன. அவரை அறிந்தவர்கள் இரண்டுமே பொருந்தும் என்பார்கள்: வீட்டை விட்டுக் கிளம்பும் வரை அவர் ரிஷபம், கிளம்பிய பிறகு தனுசு.

இவற்றில் எந்த ராசியை எடுத்துக்கொள்வது? பழைய நூல்களில் இதற்கு ஆதாரம் ஏதேனும் உண்டா? இருவேறு ராசிக்காரர்கள் சேர்ந்து போகும்போது யாருடைய ராசிக்கு முன்னுரிமை? கேலி செய்யாமல் விடையளித்தால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பஞ்சாங்கப்பிரியர் எழுதுகிறார்:

சகோதரி, தங்கள் குழப்பம் நியாயமானது. அதற்குக் காரணம் தாங்கள் அல்ல, பட்டியல்கள்தாம். முதலில் மூன்று ராசிகள் எப்படி வந்தன என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

மேலைநாட்டார் ராசி என்று சொல்வது பிறந்த நாளில் சூரியன் நின்ற ராசியை. நாம் ராசி என்று சொல்வது சந்திரன் நின்ற ராசியை. சூரியன் ஒரு ராசியைக் கடக்க ஏறத்தாழ ஒரு மாதம் ஆகும். சந்திரனுக்கோ இரண்டேகால் நாள் போதும். அதனால் ஒரே வாரத்தில் பிறந்த இருவருக்குச் சூரிய ராசி ஒன்றாகவும் சந்திர ராசி வேறாகவும் இருப்பது மிக இயல்பு. இது முதல் வேறுபாடு. இரண்டாவது, சூரியனையே எடுத்துக்கொண்டாலும் அவர்கள் மேஷத்தின் தொடக்கத்தைப் பகலும் இரவும் சமமாகும் மார்ச் மாதத்துச் சமநாளில் வைக்கிறார்கள். நாம் விண்மீன்களை ஆதாரமாகக் கொண்டு ஏப்ரல் நடுவில் வைக்கிறோம். பூமியின் அச்சு மெல்லச் சுழல்வதால் சமநாள் புள்ளி ஏறத்தாழ 72 ஆண்டுகளுக்கு ஒரு பாகை வீதம் பின்வாங்கிக்கொண்டே போகிறது. இரு கணக்குகளுக்கும் இடையே இன்று சுமார் 24 பாகை இடைவெளி இருக்கிறது. இதைத்தான் அயனாம்சம் என்கிறோம். ஒரு ராசிக்கு 30 பாகை என்பதால், ஐந்து பேரில் நால்வருக்கு மேலைநாட்டுச் சூரிய ராசியைக் காட்டிலும் நம் கணக்கின் சூரிய ராசி ஒன்று முன்னதாகவே அமையும். தாங்கள் கடகமாகவும் மிதுனமாகவும் ஒருசேர இருப்பதன் மர்மம் இவ்வளவுதான்.

இனி ஆதாரம். நாடுகளை ராசிகளுக்குப் பங்கிட்டுக் கொடுத்தது மிகப் பழைய வழக்கம். 2-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி தம்முடைய சோதிட நூலில் அன்று அறியப்பட்ட நாடுகளைப் பன்னிரண்டு ராசிகளுக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறார். பிரிட்டனும் ஜெர்மனியும் மேஷம், இத்தாலி சிம்மம், ஸ்பெயின் தனுசு, இந்தியா மகரம். ஆனால் அவருக்கு ஏறத்தாழ நூறாண்டுகள் முன்பு எழுதிய ரோமானியரான மனிலியஸ் இத்தாலியைத் துலாத்துக்குக் கொடுத்தார். முன்னோடிகள் இருவருக்கே ஒத்துப்போகவில்லை என்பதை மனத்தில் கொள்க.

நம் மரபில் 6-ஆம் நூற்றாண்டின் வராகமிகிரர் பிருகத் சம்ஹிதையில் கூர்ம விபாகம் என்றொரு பகுதி எழுதியிருக்கிறார். அதில் 27 நட்சத்திரங்களும் மும்மூன்றாக ஒன்பது தொகுதிகளாக்கப்பட்டு, நாட்டின் நடுவுக்கும் எட்டுத் திசைகளுக்கும் பகிர்ந்தளிக்கப்படுகின்றன. நடுப்பகுதிக்குக் கார்த்திகை, ரோகிணி, மிருகசீரிடம். தங்கள் கணவரின் ரோகிணி நட்ட நடுவில் இருக்கிறது என்று மகிழ்ந்து விடாதீர்கள். பாவ கிரகங்கள் ஒரு நட்சத்திரத்தைப் பீடிக்கும்போது எந்த நிலப்பகுதிக்குக் கேடு வரும் என்று அரசர்களுக்கு எச்சரிப்பதே அதன் நோக்கம். தாலமியும் ஏறத்தாழ அதற்காகவே, நாடுகளுக்கு நேரும் போரையும் பஞ்சத்தையும் கணிப்பதற்காகவே, பங்கிட்டார். ரிஷபத்தில் பிறந்தவர் இன்ன ஊருக்குப் போய்க் களைப்பாற வேண்டும் என்று இருவருமே சொல்லவில்லை.

பயணத்தைப் பற்றி நம் சோதிடம் பேசும்போது ராசியைவிட லக்னத்திலிருந்து, அதாவது பிறந்த நேரத்தில் கிழக்கே எழும் ராசியிலிருந்து, எண்ணப்படும் இடங்களையே பார்க்கிறது: குறும்பயணத்துக்கு 3-ஆம் இடம், நெடும்பயணத்துக்கு 9, அயல்நாட்டு வாசத்துக்கு 12. அவையும் பயணம் வாய்க்குமா, எப்போது வாய்க்கும் என்பதைச் சொல்லுமே தவிர, ஏரிக்கரையா குகையா என்று சொல்வதில்லை. பிறந்த நேரத்தைக் கொண்டு உலக வரைபடத்தில் கிரகக் கோடுகளை வரைந்து ஊர் தேர்ந்தெடுக்கும் முறை 1970-களில் அமெரிக்கரான ஜிம் லூயிஸ் பரப்பியது. அதிலும் ஒரு சங்கடம் உண்டு. பிறந்த நேரம் 4 நிமிடம் பிசகினால் கோடு ஒரு பாகை நகர்ந்துவிடும். நிலநடுக்கோட்டில் அது சுமார் 111 கிலோமீட்டர். நம்மில் எத்தனை பேருடைய பிறந்த நேரம் நிமிடச் சுத்தமாகக் குறிக்கப்பட்டிருக்கிறது?

ஆகவே என் கருத்து: ஊரைத் தேர்வு செய்வதற்கு ராசியைக் கேட்காதீர்கள்; நாளைத் தேர்வு செய்வதற்குக் கேளுங்கள். விருச்சிக ராசிக்குச் சந்திரன் மிதுனத்தில் இருக்கும்போதும், ரிஷப ராசிக்குத் தனுசில் இருக்கும்போதும் சந்திராஷ்டமம், அதாவது சந்திரன் எட்டாமிடத்தில் நிற்கும் ஆகாத காலம். இரண்டும் நேர் எதிர் ராசிகள். சந்திரன் பதின்மூன்றரை நாளுக்குச் சற்று மேலான காலத்தில் அரை வட்டம் சுற்றிவிடுவதால், எந்த 15 நாளை எடுத்தாலும் உங்கள் இருவரில் ஒருவருக்காவது சந்திராஷ்டமம் அதற்குள் விழுந்தே தீரும். முழுவதும் தவிர்க்க முயன்று தேதியே கிடைக்காமல் தவிக்க வேண்டாம். புறப்படும் நாளில் இல்லாமல் பார்த்துக்கொண்டால் போதும். இறுதியாக, உங்கள் ராசிகள் ஒன்றுக்கொன்று ஏழாமிடம். சம சப்தமம் திருமணப் பொருத்தத்தில் விரும்பப்படுவது. முன்னுரிமைச் சண்டை வேண்டியதில்லை.

ஐயமுடையான் எழுதுகிறார்:

மேலே எழுதியவர் நேர்மையாக எழுதியிருக்கிறார். நான் சோதிடத்தை நம்பாதவன் என்றபோதும் அதை மதிக்கிறேன். கேலி செய்ய மாட்டேன் என்று உறுதி கூறி, ஒரு பழைய சோதனையை மட்டும் நினைவூட்டுகிறேன்.

1948-இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியல் ஆசிரியர் தம் மாணவர்கள் 39 பேரிடம் ஆளுமைத் தேர்வு ஒன்றை நடத்தி, சில நாள் கழித்து ஒவ்வொருவருக்கும் அவரவர் குணநலன் குறிப்பு என்று ஒரு தாளைக் கொடுத்தார். அது எவ்வளவு பொருந்துகிறது என்று 5-க்கு மதிப்பெண் இடச் சொன்னபோது சராசரியாக 4.26 கிடைத்தது. எல்லாருக்கும் கொடுக்கப்பட்டது ஒரே தாள். அதன் வாசகங்களைக் கடையில் விற்ற சோதிடப் புத்தகம் ஒன்றிலிருந்து அவர் திரட்டியிருந்தார். "சில வேளைகளில் கலகலப்பாக இருப்பீர்கள், சில வேளைகளில் ஒதுங்கி இருப்பீர்கள்" என்பது போன்ற வாக்கியம் யாருக்குத்தான் பொருந்தாது? தங்கள் கணவருக்கு ரிஷபமும் தனுசும் ஒருங்கே பொருந்துவதாகத் தாங்கள் எழுதிய வரியைப் படித்ததும் எனக்கு அந்தத் தாள்தான் நினைவுக்கு வந்தது.

1985-இல் ஷான் கார்ல்சன் என்பவர் நேச்சர் ஆய்விதழில் வெளியிட்ட சோதனையில், ஒரு ஜாதகத்துக்கு உரியவரின் ஆளுமைக் குறிப்பை மூன்று குறிப்புகளுக்குள்ளிருந்து தேர்ந்தெடுக்கும்படி சோதிடர்களைக் கேட்டார்கள். கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் மூன்றில் ஒன்று சரியாக வரும்; அவர்களுக்கும் ஏறத்தாழ அவ்வளவே வந்தது.

தாங்கள் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடியது ஒன்று உண்டு. தங்களிடம் உள்ள பட்டியலில் ராசிப் பெயர்களை மறைத்துவிட்டு, பன்னிரண்டு இடங்களின் வருணனைகளை மட்டும் கணவரிடம் கொடுத்து மூன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். தாங்களும் தனியே தேர்ந்தெடுங்கள். இருவர் தேர்விலும் பொதுவாக வருவது எதுவோ அதுவே போக வேண்டிய இடம். அதன் மேல் மறைத்திருந்த ராசி எது என்று பிறகு பார்த்துச் சிரித்துக்கொள்ளலாம்.

வழிநடையர் எழுதுகிறார்:

ராசி எதுவாயினும் பருவகாலம் எல்லாருக்கும் ஒன்றுதான். மகர ராசிக்குப் பொருந்துவதாகப் பல பட்டியல்கள் கூறும் பெரு நாட்டு மச்சு பிச்சுவுக்கு இன்கா நடைபாதை வழியே போக விரும்புகிறவர், பராமரிப்புக்காக அப்பாதை பிப்ரவரியில் மூடப்படும் என்பதை எந்தப் பட்டியலிலும் காண மாட்டார். மேஷ ராசிக்காரரைத் துணிச்சல்காரர் என்று புகழ்ந்து 5,895 மீட்டர் உயரமுள்ள கிளிமஞ்சாரோவுக்கு அனுப்புகிறார்கள். காற்று மெலிந்த உயரத்தில் துணிச்சல்காரருக்குத்தான் முதலில் தலைவலி வரும், ஏனெனில் அவர்தான் வேகமாக ஏறுவார்.

ஆனாலும் ராசி வகைப்பாட்டில் ஒன்றை நான் பயன்படுத்துவது உண்டு. சர ராசி (நகர்வது), ஸ்திர ராசி (நிலைத்தது), உபய ராசி (இரண்டும் கலந்தது) என்ற பிரிவை ஒரு கேள்வியாக மாற்றிக்கொள்வேன். உடன் வருபவர் நாளுக்கொரு ஊர் மாற விரும்புபவரா, ஒரே அறையில் பத்து நாள் தங்க விரும்புபவரா, இரண்டுக்கும் இடைப்பட்டவரா? இதைப் புறப்படும் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளாததால் பாதி வழியில் பேச்சற்றுப்போன பயணங்களை நான் கண்டிருக்கிறேன், ஒன்று என்னுடையது. தாங்களும் கணவரும் ஸ்திர ராசி என்பதால் அல்ல, 15 நாள்தான் இருக்கிறது என்பதால், இரண்டு இடங்களுக்கு மேல் வைத்துக்கொள்ள வேண்டாம் என்பேன்.

விண்மீன்நோக்கி எழுதுகிறார்:

ராசிக்கேற்ற இடம் எது என்று எல்லாரும் விவாதித்தீர்கள். ராசியையே போய்ப் பார்க்கலாம் என்று யாரும் சொல்லவில்லையே!

பன்னிரண்டு ராசிகளையும் கல்லிலும் சுவரிலும் வடித்து வைத்திருக்கும் இடங்கள் உலகில் பல. ஜெய்ப்பூரின் ஜந்தர் மந்தர் வானாய்வு வளாகத்தில் ராசிவலய யந்திரம் என்ற தொகுதி இருக்கிறது; ராசிக்கு ஒன்றாகப் பன்னிரண்டு கருவிகள், ஒவ்வொன்றும் தன் ராசி வானில் உரிய நிலைக்கு வரும் நேரத்தில் அளப்பதற்காகத் தனித்தனிக் கோணத்தில் கட்டப்பட்டது. அங்கே தங்கள் ராசியின் மேடையருகே நிற்பதைவிட ராசிக்கேற்ற பயணம் வேறென்ன இருக்க முடியும்? அதே வளாகத்தில் 27 மீட்டர் உயரமுள்ள சாம்ராட் யந்திரம் என்ற சூரியக் கடிகாரத்தின் நிழல் நொடிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் நகர்வதைக் கண்ணாலேயே காணலாம். எகிப்தின் தெந்தேரா கோயில் விதானத்தில் இருந்த ராசிவட்டம் 19-ஆம் நூற்றாண்டில் பெயர்த்தெடுக்கப்பட்டு இன்று பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோயிலில் இருப்பது அதன் நகல். ரோமில் சாந்தா மரியா தெலி ஆஞ்சலி தேவாலயத்தின் தரையில், 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வானியலாளர் பியாங்கினி பதித்த நண்பகல் கோடு ஓடுகிறது. அதன் இருமருங்கிலும் பளிங்கில் ராசி உருவங்கள். சுவரில் உள்ள சிறு துளை வழியே விழும் சூரிய ஒளி நண்பகலில் அக்கோட்டைக் கடக்கும். ஆண்டு முழுவதும் அது கடகத்துக்கும் மகரத்துக்கும் இடையே போய்வரும்.

கடகம், மகரம் என்றதும் நினைவுக்கு வருகிறது. பூமியின் மேலேயே ராசிப் பெயர் தாங்கிய ரேகைகள் இரண்டு உண்டு: கடக ரேகை, மகர ரேகை. ஏறத்தாழ 2000 ஆண்டுகளுக்கு முன் ஜூன் மாதத்து நெடும்பகல் நாளில் சூரியன் கடக விண்மீன்களிடையே நின்றதால் கடக ரேகைக்கு அப்பெயர் வந்தது. பஞ்சாங்கப்பிரியர் விளக்கிய அச்சுச் சுழற்சியால் இன்று அந்நாளில், விண்மீன்களை ஆதாரமாகக் கொண்ட நம் நிராயணக் கணக்குப்படி, சூரியன் மிதுனத்தில் நிற்கிறது; பெயர் மட்டும் மாறவில்லை. கேள்வி கேட்ட சகோதரிக்கு நேர்ந்ததே அந்த ரேகைக்கும் நேர்ந்திருக்கிறது. ரேகையும் ஓரிடத்தில் நிற்பதில்லை. அச்சின் சாய்வு சிறிது சிறிதாகக் குறைந்துவருவதால் ஆண்டுக்குச் சுமார் 15 மீட்டர் வீதம் நிலநடுக்கோட்டை நோக்கி நகர்கிறது.

ஆனால் உங்கள் இருவருக்கும், அதுவும் ஜூன், ஜூலையில், நான் சொல்ல விரும்புவது சிலியின் அத்தகாமா பாலைவனம். காரணங்களைக் கேளுங்கள். சூரிய ராசிக்காரர்கள் தம் பிறந்த நாளில் தம் ராசியின் விண்மீன்களைப் பார்க்க முடியாது. சூரியனே அங்கு நிற்பதால் அவை பகலில் எழுந்து பகலில் மறையும். சந்திர ராசிக்காரர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. விருச்சிகம் ஜூன், ஜூலை இரவுகளுக்கே உரியது. வடக்கே வெகுதொலைவில் வாழ்பவர்களுக்கு அது தெற்கு அடிவானத்தை ஒட்டியே நிற்பதால் தேளின் வால் தெரியாமல் போய்விடும். மகர ரேகைக்கு மிக அருகே அமைந்த சான் பெத்ரோ தே அத்தகாமா என்ற ஊரில் அது முன்னிரவில் உச்சந்தலைக்கு மேலே நிற்கும்; கேட்டை என்று நாம் அழைக்கும் அந்தச் செந்நிற விண்மீனைக் காண மல்லாந்து படுத்துக்கொள்ள வேண்டும். தென் அரைக்கோளத்தில் அது குளிர்காலம், ஆகையால் இரவு நீளம். வானமும் பெரும்பாலான இரவுகளில் தெளிவாக இருக்கும்; உலகின் மிகப் பெரிய தொலைநோக்கிகளில் பலவற்றை அப்பாலைவனத்தில் நிறுவியதற்குக் காரணமே அதுதான்.

கணவரை மறந்துவிடவில்லை. அவருடைய ரோகிணியும் தங்கள் கேட்டையும் வானில் ஏறத்தாழ எதிரெதிரே இருப்பவை. அவ்விடத்தில் விடிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு கேட்டை மேற்கே சாயும். கிட்டத்தட்ட அதே வேளையில் ரோகிணி கிழக்கே எழும். கார்த்திகைக் கூட்டம் அதற்கும் முன்னதாகவே வந்து காத்திருக்கும். இருவருடைய நட்சத்திரங்களையும் ஒரே இரவில் பார்த்துவிடலாம், ஆனால் கணவரை அந்த நேரத்தில் எழுப்ப வேண்டியது தங்கள் பொறுப்பு.

நிலவில்லாத இரவுகள் வேண்டும் என்பதால் அமாவாசையை நடுவில் வைத்து நாளைக் குறியுங்கள். குளிர் கடுமையாக இருக்கும். இரவில் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே போகக்கூடும்.

ஆனிமகள் மீண்டும் எழுதுகிறார்:

அனைவருக்கும் நன்றி. ஐயமுடையான் சொன்னபடி ராசிப் பெயர்களை மறைத்துத் தேர்ந்தெடுத்துப் பார்த்தோம். இருவருக்கும் பொதுவாக வந்த ஒரே இடம் பாலைவனம். பட்டியலில் அது கும்ப ராசிக்கு உரியதாம். எங்கள் குடும்பத்தில் கும்ப ராசிக்காரர் ஒருவரும் இல்லை. அதே மாலையில் விண்மீன்நோக்கியின் பதிலைப் படித்ததும் கணவர் வரைபடத்தை விரித்து உட்கார்ந்துவிட்டார். வழிநடையர் அறிவுரைப்படி இரண்டே இடங்களில் தங்குவதாகத் தீர்மானித்திருக்கிறோம்.

ஒரே ஓர் ஐயம் எஞ்சியிருக்கிறது. ஆனி மாதம் முழுவதும் சூரியன் மிதுனத்தில் இருக்கிறது. அமாவாசையன்று சந்திரனும் சூரியனோடு அதே ராசியில்தானே இருக்க வேண்டும்? அப்படியானால் வானம் மிகவும் இருண்டு, பார்ப்பதற்கு மிகச் சிறந்ததாக இருக்கும் அந்த நாள் எனக்குச் சந்திராஷ்டமமாக அல்லவா அமைகிறது? பஞ்சாங்கப்பிரியர் கருத்தை அறிய விரும்புகிறேன்.

பஞ்சாங்கப்பிரியர் எழுதுகிறார்:

சரியாகக் கணித்துவிட்டீர்கள், ஆனி அமாவாசை விருச்சிக ராசிக்கு எந்த ஆண்டிலும் சந்திராஷ்டமத்தில்தான் வரும். அந்நாளில் தவிர்க்கச் சொல்வது புதிதாக ஒன்றைத் தொடங்குவதையும், வாக்குவாதத்தையும், அவசர முடிவுகளையும். மல்லாந்து படுத்து வானத்தைப் பார்ப்பதற்கு எந்த நூலும் தடை சொல்லவில்லை. கணவரை நள்ளிரவு கடந்து எழுப்பும்போது மட்டும் வாக்குவாதம் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

சந்திரன் மிதுனத்தில் நுழைவதற்கு மூன்று நாள் முன்பாகப் புறப்படுங்கள். அன்று இருவருக்கும் சந்திராஷ்டமம் இராது. 15 நாள் கழித்துத் திரும்பும்போது சந்திரன் விருச்சிகத்தில்தான் இருப்பார். தனுசை எட்டுவதற்குள், அதாவது கணவரின் சந்திராஷ்டமம் தொடங்குவதற்குள், வீடு வந்து சேர்ந்துவிடலாம்.

வழிநடையர் எழுதுகிறார்:

அவர் சொன்ன மூன்று நாளை நானும் வழிமொழிகிறேன், வேறு காரணத்துக்காக. சான் பெத்ரோ ஏறத்தாழ 2,400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது; சுற்றுப்புறத்து வெந்நீர் ஊற்றுகளிலும் ஏரிகளிலும் பல 4,000 மீட்டருக்கும் மேலே. வழிப்பயணத்துக்கு ஒரு நாள் போனால், எஞ்சிய நாள்களில் ஊருக்குள்ளேயே நிதானமாக நடந்து உடலைப் பழக்கிக்கொண்டு, அமாவாசை கழிந்த பிறகு மேலே ஏறுங்கள்.